வண்ணக் கண்ணாடி வல்லார் ஹரி கிளார்க்

ஓவியம் வரைவோன் சுவரிலோ துணியிலோ பலகையிலோ வண்ணத்தைப் பூசுகின்றான். அவ்வண்ணத்தின்மேல் ஒளி வந்து வீழ்ந்து மீள்கின்றது. மீளும் ஒளியே நம் கண்ணுக்கு ஓவியமாகத் தோன்றுகின்றது. கண்ணாடியிலே ஓவியம் செய்வோனது நிலை வேறு. அவன் ஆக்கிய பொருளின் ஊடே ஒளி நுழைந்து வருகின்றது. காலையில் ஒரு தோற்றம், உச்சிப்பொழுதில் ஒரு தோற்றம், மழைமுகில் மூடிய மாலையில் பிறிதொரு தோற்றம் என ஒரே சாளரம் ஒருநாளிற் பல ஓவியங்களாக மாறும். இரவு வந்ததும் உள்ளிருந்து பார்ப்போர்க்கு அது வெறும் கருமையாகிவிடும். ஆதலின், ஞாயிற்றைத் துணையாகக் கொண்டு தொழில் புரிபவன் கண்ணாடிக் கலைஞன் என்று கூறுதல் மிகையாகாது.

இக்கலை ஐரோப்பாவிலே பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் உச்சநிலை எய்தியிருந்தது. பிரான்சிலுள்ள சாத்தர் பேராலயத்தின் நீலச் சாளரங்கள் அதற்குச் சான்றாக இன்றும் விளங்குகின்றன. பின்வந்த நூற்றாண்டுகளில் அது தளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் அது மீண்டும் தளிர்த்தபோது, அதன் கிளையொன்று அயர்லாந்திலும் படர்ந்தது. அக்கிளையிலே பூத்த தலைசிறந்த மலர் ஹரி கிளார்க் ஆவார். நாற்பத்தோராண்டே வாழ்ந்து மறைந்த அப்பெருங்கலைஞரின் வாழ்க்கை, கலையின் உயர்வையும், அக்கலையைப் பேணவேண்டியவர்களின் தயக்கத்தையும் ஒருங்கே காட்டுவது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தவரான யோசுவா கிளார்க் என்பார் 1877ஆம் ஆண்டிலே டப்ளின் நகருக்கு வந்து குடியேறினார். தேவாலயங்களுக்கு அலங்கார வேலை செய்வது அவர் தொழில். வட பிரெடரிக் வீதியிலே அவர் நிறுவிய தொழிலகத்தில் நாளடைவில் வண்ணக் கண்ணாடி வேலையும் இடம்பெறலாயிற்று. அவர் மணந்துகொண்ட பிரிஜிற் என்னும் அம்மையார் ஐரிஷ் குடும்பத்தவர். இவ்விருவர்க்கும் இளைய மகனாக, 1889ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17ஆம் நாள், அயர்லாந்து மக்கள் தம் காவலரான புனித பற்றிக்கின் திருநாளைக் கொண்டாடும் அந்நாளிலே, ஹரி பிறந்தார்.

அவர் கல்வி கற்ற இடங்களுள் பெல்வெடியர் கல்லூரியும் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஜேம்ஸ் ஜோய்ஸ் என்னும் பேரெழுத்தாளரும் அக்கல்லூரியிலேயே பயின்று வெளியேறியிருந்தார். இவ்விருவர் பெயரும் பின்னொரு காலத்தில் ஒரே சாளரத்திலே சேர்ந்து நின்று இடர்ப்பட இருந்தமையை அப்பொழுது யார் அறிவார்?

1903ஆம் ஆண்டிலே தாயார் இறந்துபட்டார். ஹரிக்கு அப்பொழுது வயது பதினான்கு. அன்னையை இழந்த சிறுவன் சிறிது காலத்திற் பள்ளியை விட்டு நீங்கித் தந்தையின் தொழிலகத்திலே பயிற்சியாளனாகச் சேர்ந்தான். பகலிலே கண்ணாடி வெட்டுதலும், ஈயம் பொருத்துதலும், சூளை காத்தலும் அவன் கடமை. மாலையிலே டப்ளின் மாநகரக் கலைக்கல்லூரியில் வகுப்பு. அங்கே கண்ணாடிக் கலை கற்பித்தவர் அல்பிரட் சைல்ட் என்னும் ஆசிரியர். அவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கண்ணாடிக் கலைஞர் கிறிஸ்தோபர் வோலிடம் பயின்றவர். சித்திரம் தீட்டுபவன் ஒருவன், கண்ணாடி வெட்டுபவன் ஒருவன், சாளரத்தை இணைப்பவன் ஒருவன் எனத் தொழில் பிரிந்து கிடப்பதால் கலை கெடுகின்றது என்பதும், முதலிலிருந்து முடிவுவரை கலைஞனின் கண்ணும் கையும் செல்லவேண்டும் என்பதும் அவ்வாசிரியர் வழிவந்த கொள்கை. ஹரி அதனை வாழ்நாள் முழுவதும் போற்றினார்.

ஆசிரியரின் உழைப்பும் மாணவனின் திறமையும் விரைவிலே பயன் தந்தன. இலண்டன் தென் கென்சிங்ரனில் நடைபெற்ற தேசியப் போட்டியிலே, ஐக்கிய இராச்சியம் முழுவதிலுமிருந்து வந்த மாணவர்களோடு போட்டியிட்டு, 1911, 1912, 1913 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ச்சியாகக் கண்ணாடிக் கலைக்குரிய தங்கப் பதக்கத்தை ஹரி பெற்றார். 1914ஆம் ஆண்டிலே பயண உதவிப் பணம் பெற்றுப் பிரான்சுக்குச் சென்று, அங்குள்ள பழைய பேராலயச் சாளரங்களைக் கண்ணாரக் கண்டார். சாத்தரின் நீலம் அவர் உள்ளத்திலே பதிந்தது. அவ்வாண்டின் இறுதிப்பகுதியில், தம்மோடு கலைக்கல்லூரியிற் பயின்ற மாக்கிரற் கிறிலி என்னும் ஓவியப் பெண்மணியை மணந்துகொண்டார். மாக்கிரற் அம்மையார் தம் திறமையாலேயே பெயர் பெற்றவர். 1927ஆம் ஆண்டில் அவர் அயர்லாந்தின் அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார்.

தொழிலின் நுட்பம்

ஹரி கிளார்க்கின் பெருமையை உணர வேண்டுமாயின், வண்ணக் கண்ணாடித் தொழிலின் முறையைச் சிறிதேனும் அறிதல் வேண்டும்.

கண்ணாடி உருகிக் குழம்பாக இருக்கும்போதே உலோகச் சேர்வைகளை அதனோடு கலப்பர். கோபாற்றுச் சேர்ந்தால் நீலம், பொன் சேர்ந்தால் இளஞ்சிவப்பு, செம்பு சேர்ந்தால் அதனைச் சுடும் முறைக்கேற்பச் சிவப்போ பச்சையோ தோன்றும். இவ்வாறு நிறம் ஊட்டப்பெற்ற தகடுகளைச் சாளரத்தின் முழு அளவிலே வரைந்த மாதிரிப் படத்துக்கு இயைய வெட்டி எடுப்பர். முகம், கை, ஆடை மடிப்பு முதலியவற்றை, இரும்புத் துருவும் அரைத்த கண்ணாடித் தூளும் கலந்த கருநிற மையினால் அத்துண்டுகளின்மீது எழுதிச் சூளையிலிட்டுச் சுடுவர். சூட்டிலே மை கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். வெள்ளிச் சேர்வையைப் பூசிச் சுட்டால் வெண்கண்ணாடி பொன்னிறம் பெறும். இறுதியாக, இருபுறமும் வரிப்பள்ளம் உடைய ஈயக் கம்பிகளிலே துண்டுகளைப் பொருத்திப் பற்றாசு வைத்து இணைப்பர்.

இவை யாவும் எல்லாரும் செய்வன. ஹரி கிளார்க் இவற்றுக்கு மேலும் சென்றார். வெண்கண்ணாடியின்மீது மெல்லிய சிவப்போ நீலமோ போர்த்த இரட்டைத் தகடு ஒன்று உண்டு. அத்தகட்டிலே நிறம் நிற்கவேண்டிய இடங்களை மெழுகினால் மூடி, எஞ்சிய இடத்தை ஐதரோபுளோரிக் அமிலத்திலே ஊறவிட்டால், அமிலம் நிறப்படலத்தைத் தின்றுவிடும். சிறிது நேரம் ஊறினால் நிறம் மெலியும். நெடுநேரம் ஊறினால் முற்றும் நீங்கும். ஹரி ஒரே துண்டைப் பலமுறை மெழுகிட்டுப் பலமுறை அமிலத்தில் இட்டு, ஒரு சிவப்புத் தகட்டிலே குருதிச் சிவப்பு முதல் ரோசாவின் இதழ்நிறம் வரை பல படிகளை வருவித்தார். சிற்சில இடங்களிலே சிவப்புத் தகட்டையும் நீலத் தகட்டையும் ஒன்றன்மேலொன்றாகப் பொருத்தி, இடையிடையே அமிலத்தால் துளித்துளியாக ஒளிக்கண்கள் திறந்தார். மைபூசிய பரப்பை ஊசிமுனையாற் கீறிச் சரிகை வேலைப்பாடு செய்தார். தட்டான் மணி பதித்தாற்போல அவருடைய சாளரங்கள் ஒளிர்வதற்குக் காரணம் இதுவே.

ஆனால் அவ்வமிலம் கொடியது. தோலிற் பட்டால் எலும்புவரை ஊடுருவும். அதன் ஆவி நுரையீரலைத் தாக்கும். இயல்பிலேயே நெஞ்சு நலிந்திருந்த ஹரி, காற்றோட்டம் குறைந்த அறையிலே ஆண்டாண்டாக அவ்வாவியைச் சுவாசித்தமை அவர் உடலைக் கெடுத்தது என்று பலரும் கருதுவர்.

புகழ் சேர்த்த பணிகள்

கோர்க் நகரத்துப் பல்கலைக்கழகக் கல்லூரியின் அருகே, ஹோனன் குடும்பத்தார் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு 1916ஆம் ஆண்டிலே சிற்றாலயம் ஒன்று எழுந்தது. அதன் பொருட்கள் யாவும் இயன்றவரை ஐரிஷ் கைவினைஞராலேயே ஆக்கப்படல் வேண்டும் என்பது அப்பணியை முன்னின்று நடத்திய ஜோன் ஓகோனல் என்னும் சட்டத்தரணியின் விருப்பம். அங்குள்ள 19 சாளரங்களுள் 11 சாளரங்களை இருபத்தாறு வயதளவினரான ஹரி ஏற்றுக்கொண்டார். மற்றைய எட்டும் சாரா பேர்சர் அம்மையார் 1903ஆம் ஆண்டிலே நிறுவிய கண்ணாடிக் கோபுரம் என்னும் கலைக்கூடத்தாரின் பணியாகும்.

ஹோனன் ஆலயச் சாளரங்களே ஹரியின் பெயரை நாடறியச் செய்தன. அவற்றுள் புனித கொப்னற் சாளரம் பலராலும் வியக்கப்படுவது. தேனீக்களுக்குக் காவலாக அயர்லாந்து மக்கள் போற்றும் அத்துறவிப் பெண், கருநீல ஆடையுடன், வெளிறிய முகத்தை ஒருபுறம் திருப்பி நிற்கின்றாள். தேனடையின் அறுகோணக் கண்களே சாளரத்தின் அணிவகுப்பாக அமைந்துள்ளன. அவளுக்குத் தீங்கு செய்யவந்த கள்வர் தேனீக்களுக்கு அஞ்சி ஓடுகின்றனர். கதை, அணி, கட்டமைப்பு மூன்றும் ஒன்றாகிவிட்ட அருமையை அங்கே காணலாம்.

அதே 1916ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிற்றை அடுத்து டப்ளினில் எழுந்த கிளர்ச்சியின்போது நகரின் நடுப்பகுதி எரிந்தது. கொலறிட்ஜின் முதிய மாலுமி பற்றிய பாடலுக்காக ஹரி செய்திருந்த படங்கள் அத்தீயிலே அழிந்தன. அவ்விழப்பினாலும் அவர் மனந்தளரவில்லை. அவ்வாண்டிலேயே அன்டர்சனின் தேவதைக் கதைகளுக்கு அவர் வரைந்த நாற்பது படங்களோடு நூல் இலண்டனில் வெளிவந்தது. 1919ஆம் ஆண்டிலே எட்கர் அலன் போவின் கதைகளுக்கும், 1925ஆம் ஆண்டிலே கேதேயின் பௌஸ்ற் நாடகத்துக்கும் வரைந்தார். முதற் பெரும்போரில் மாண்ட ஐரிஷ் வீரர்களின் பெயர்களை, 49,435 பெயர்கள் கொண்ட எட்டுத் தொகுதிகளாக 1923ஆம் ஆண்டிலே வெளியிட்டபோது, அப்பக்கங்களின் ஓரங்களை அணிசெய்யும் பணியும் அவரிடமே வந்தது. படைவீரர், பீரங்கி, கல்லறை ஆகியவற்றின் நிழலுருக்கள் அவ்வணிகளிலே பின்னிக்கிடக்கின்றன. பெயர்ப்பட்டியலைப் புரட்டுவோன் ஒவ்வொரு பக்கத்திலும் போரைக் கண்டு செல்லவேண்டும் என்று அவர் எண்ணினார் போலும்.

1921ஆம் ஆண்டிலே தந்தையார் காலமானார். தொழிலகத்தின் பொறுப்பு ஹரியின்மீதும் தமையனார் வோல்ற்றரின்மீதும் விழுந்தது. அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் கடல்கடந்த நாடுகளிலும் இருந்து வேண்டுகோள்கள் குவிந்தன. 130க்கு மேற்பட்ட சாளரங்கள் அக்காலத்தில் ஆக்கப்பட்டன. அவை யாவும் ஹரியின் கையால் மாத்திரம் ஆனவையல்ல. அவர் வரைந்துகொடுக்க, அவர் பயிற்றிய உதவியாளர் ஆக்கியவை பல. எனினும் எதையும் பாராது வெளியே விட அவர் மனம் ஒப்பவில்லை. இரவுபகலாக உழைத்தார்.

தேவாலயத்துக்கு அப்பாற்பட்ட பொருளையும் அவர் கண்ணாடியில் அமைத்தார். கீற்ஸ் என்னும் ஆங்கிலக் கவிஞர் புனித ஆக்னசின் திருநாள் முன்னிரவைப் பற்றிப் பாடிய கதைப்பாடலை, டப்ளினில் ஒரு வீட்டுக்காகச் சாளரமாக்கி 1924ஆம் ஆண்டிலே முடித்தார். அது இன்று டப்ளின் நகரத்தின் ஹியூ லேன் கலைக்கூடத்துக்கு உரியது. கிறாப்ரன் வீதியிலுள்ள பியூலி சிற்றுண்டிச்சாலைக்கும் அவர் சாளரங்கள் செய்தார். துறவியரும் புனிதரும் வாழ்ந்த கண்ணாடி, தேநீர் அருந்துவோர் நடுவிலும் வந்து ஒளிவீசிற்று.

ஜெனீவாச் சாளரம்

இனி அவர் வாழ்க்கையின் துயர்மிக்க பகுதிக்கு வருவாம்.

1922ஆம் ஆண்டிலே விடுதலை பெற்ற ஐரிஷ் சுதந்திர நாடு, 1923ஆம் ஆண்டிலே சர்வதேச சங்கத்தில் உறுப்பாயிற்று. ஜெனீவா நகரிலே சர்வதேசத் தொழில் தாபனத்தின் கட்டடத்துக்கு ஒவ்வொரு நாடும் தன் கலைப்பொருளை அன்பளிப்பாக வழங்கி வந்தது. புதிய ஐரிஷ் அரசும் தன் நாட்டின் பெருமையை உலகுக்குக் காட்ட விரும்பிற்று. அதற்கு ஹரி கிளார்க்கின் வண்ணச் சாளரத்தினும் தக்கது வேறு யாது? அரசு அவரிடம் வேண்டுகோள் விடுத்தது.

போர்வீரரையும் மன்னரையும் அவர் நாடவில்லை. தம் காலத்து ஐரிஷ் எழுத்தாளர் பதினைவரைத் தெரிந்து, அவர்தம் படைப்புகளிலிருந்து ஒவ்வொரு காட்சியை எட்டுப் பலகங்களிலே அமைக்கத் துணிந்தார். எழுத்தாளரைத் தெரிவதிலே கவிஞர் யேற்ஸ் ஆலோசனை கூறினார். யேற்ஸ், பேர்னாட் ஷா, சிங், ஓகேசி, ஜேம்ஸ் ஜோய்ஸ், லியம் ஓபிளகேற்றி முதலியோர் அதில் இடம்பெற்றனர். இவர்களுள் யேற்ஸ் 1923ஆம் ஆண்டுக்கும் ஷா 1925ஆம் ஆண்டுக்கும் உரிய நோபெல் பரிசு பெற்றவர்கள். ஒரு சிறுநாடு தன் இலக்கியத்தையே தன் முகமாக உலக அவையில் வைக்க முற்பட்டமை எத்துணை அரிய எண்ணம்!

ஆனால் காலம் வேறுவிதமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. 1929ஆம் ஆண்டிலே நூல்களைத் தணிக்கை செய்யும் சட்டம் அந்நாட்டிலே நிறைவேறிற்று. ஒழுக்கத்துக்கு மாறானவை என்று கருதப்பட்ட நூல்கள் தடைசெய்யப்படலாயின. ஹரியின் உடலும் அவ்வாண்டிலே முறிந்தது. கசநோய் பற்றியிருப்பது தெளிவாயிற்று. மலைக்காற்றை நாடிச் சுவிற்சர்லாந்திலுள்ள தாவோஸ் மருத்துவமனைக்குச் சென்றார். 1930ஆம் ஆண்டிலே நாடு திரும்பி, நோயையும் பொருட்படுத்தாது ஜெனீவாச் சாளரத்தை முடித்தார். அதே ஆண்டு ஜூலை மாதத்திலே தமையனார் வோல்ற்றர் இறந்தார். தொழிலகத்தின் ஒரு தூண் சாய்ந்தது.

சாளரத்தைப் பார்வையிட அரசின் தலைவர் கொஸ்கிறேவ் வந்தார். ஓபிளகேற்றியின் கதையொன்றிலிருந்து எடுத்த காட்சியிலே, மெல்லாடை போர்த்த பெண்ணொருத்தி ஆடுகின்றாள். குடியில் மயங்கிய ஆடவன் ஒருவன் பார்த்திருக்கின்றான். இப்பலகமே பெரும் உறுத்தலாயிற்று. இடம்பெற்ற எழுத்தாளர் சிலரின் பெயர்களும் ஆள்வோர்க்குக் கசந்தன. இச்சாளரம் ஐரிஷ் மக்களின் பெயரால் வெளிநாட்டிலே நின்றால் பலர் மனம் புண்படும் என அரசு தயங்கிற்று. ஆண்டுக்கணக்கில் உழைத்து ஆக்கிய பொருள், கேட்டவராலேயே ஏற்கப்படாது நின்றது.

இவ்விடத்தில் நடுநிலையோடு ஒன்று கூறல் தகும். உள்நாட்டுப் போரின் புண் ஆறாத இளம் அரசு, சமயப்பற்று மிக்க மக்களின் எண்ணத்துக்கு அஞ்சியமை வியப்பன்று. பொதுப்பணத்தில் ஆக்கப்பட்ட பரிசு பொதுமக்களுக்கு உவப்பாக இருத்தல் வேண்டும் என்னும் வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு. எனினும், கலைஞனின் தகுதியறிந்து அவனை அழைத்தவர்கள், அவன் கண்ட உண்மையைக் கண்டதும் முகந்திருப்புவது முறையாகுமா? இலக்கியம் ஒரு நாட்டின் முகமாயின், அம்முகத்திலுள்ள வடுவையும் அது காட்டவே செய்யும்.

மறைவும் எஞ்சிய ஒளியும்

நோய் முற்ற, ஹரி மீண்டும் தாவோசுக்குப் போனார். குணமடையும் நம்பிக்கை குன்றவே, தம் நாட்டிலே உயிர்விட விரும்பிப் புறப்பட்டார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. வழியிலே கூர் என்னும் ஊரில் 1931ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6ஆம் நாள் உறக்கத்திலே உயிர் நீத்தார். அவ்வூரிலேயே அவரை அடக்கம் செய்தனர். கல்லறையைப் பேணுவதாக உறவினர் உறுதி கூறாவிடிற் பதினைந்து ஆண்டுகளின்பின் எலும்புகளை அகற்றிவிடுவது அவ்வூர்ச் சட்டம். அதனை ஒருவரும் அவர் குடும்பத்தார்க்கு எடுத்துரைக்கவில்லை. எனவே 1946ஆம் ஆண்டிலே அவர் எச்சங்கள் தோண்டப்பட்டுப் பொதுக்குழியிலே இடப்பட்டன. எத்தனையோ பேரின் நினைவுக்குச் சாளரம் செய்துகொடுத்தவருக்கு, தமக்கென ஒரு கல்லும் நிலைக்கவில்லை.

ஜெனீவாச் சாளரத்துக்குரிய 450 பவுண் பணத்தை அரசு அவர் இறந்தபின் கொடுத்தது. ஆயினும் சாளரம் ஜெனீவாவுக்குச் செல்லவில்லை. டப்ளினில் அரசாங்கக் கட்டடம் ஒன்றிலே அது கிடந்தது. அதனைக் கண்டு பொறாத மாக்கிரற் அம்மையார், கிடைத்த பணத்தைத் திருப்பிக்கொடுத்துக் கணவரின் சாளரத்தை மீட்டார். மூன்று பிள்ளைகளோடு கைம்பெண்ணாகி, தொழிலகத்தின் சுமையையும் தாங்கி நின்ற ஒருவர்க்கு 450 பவுண் சிறுதொகையன்று. அப்பெண்மணியின் செயலே, ஹரி கிளார்க்குக்குக் கிடைத்த பாராட்டுகளுள் மிகச் சிறந்தது என்பது எம் கருத்து. அவர் 1961ஆம் ஆண்டிலே மறைந்தார். தொழிலகம் 1973ஆம் ஆண்டுவரை நடைபெற்றது.

மீட்கப்பட்ட சாளரம் ஒருகாலத்தில் டப்ளின் கலைக்கூடத்திலே இரவற் பொருளாகக் காட்சிக்கு இருந்தது. பின்னர் 1988ஆம் ஆண்டிலே அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவர்க்கு விற்கப்பட்டது. இன்று அது மயாமிக் கடற்கரை நகரத்திலுள்ள வுல்ப்சோனியன் அரும்பொருட்சாலையிலே விளங்குகின்றது. ஐரிஷ் மக்கள் தம் நாட்டு எழுத்தாளரின் அச்சாளரத்தைக் காணவேண்டின் அத்திலாந்திக் மாகடலைக் கடந்து செல்லவேண்டும். அதில் இடம்பெற்ற ஜோய்ஸ், யேற்ஸ் முதலியோரை அதே நாடு பிற்காலத்தில் நாணயத்தாளிலும் பொறித்துப் போற்றிற்று.

அரசுகள் மாறுவன, மக்களின் சுவையும் அச்சமும் மாறுவன. ஒரு தலைமுறை தள்ளிய பொருளை மறு தலைமுறை தேடி வருந்தும். அங்ஙனம் வருந்தாதிருக்க ஒரே வழி, கலைஞன் உயிரோடிருக்கும்போதே அவன் செய்ததைப் பொறுமையோடு நோக்கப் பழகுதல். கோர்க் நகரத்துச் சிற்றாலயத்திலே ஞாயிறு எழுந்தோறும் கொப்னற் துறவியின் நீல ஆடை ஒளிபெறுகின்றது. தேனீக்கள் பொன்னாக மின்னுகின்றன. அவ்வொளியை அங்கே வைத்துச் சென்றவர் நெஞ்சு நலிந்த ஓர் இளைஞர் என்பதை, அதன் கீழ் நிற்போர் மறவாதிருத்தல் கடனாகும்.